டீம் டி-ஷர்ட் ஆர்டர்: கார்டைத் தேய்க்குறதுக்கு முன்னாடி

"டீமுக்கு டி-ஷர்ட் அடிக்கணும் மச்சி, நீயே பாத்துக்கோயேன்." எல்லா ஆபீஸ்லயும் இப்படி மாட்டிக்கிற ஒரு ஆள் இருப்பார். போன வருஷ கிரிக்கெட் டோர்னமென்ட்டுக்கு அந்த ஆள் நான்தான்.

34 பேர் கை தூக்கினாங்க. 34 பீஸ்னா ஒண்ணு 350 ரூபாய், 50 எடுத்தா 290-ன்னு கடையில சொன்னாங்க. பட்ஜெட் போடச் சொல்லி ஊருக்கே வீடியோ போடுற எனக்கும் அந்த 290 மட்டும்தான் கண்ணுல பட்டுச்சு. கிரெடிட் கார்டில் 14,500 ரூபாய் கட்டினேன். கடைசியில் காசு கொடுத்தது 29 பேர், மொத்தம் 8,410 ரூபாய். மீதி 6,090 என் கையை விட்டுப் போச்சு. 34 பீஸ் மட்டும் எடுத்திருந்தா மொத்த பில்லே 11,900 தான். அஞ்சு பேர் அப்பவும் கை விரிச்சிருப்பாங்க, ஆனா நஷ்டம் 1,750 ரூபாயோட நின்னிருக்கும்.

அதனால பீஸ் ரேட்டைப் பார்த்து ஆர்டர் போடாதீங்க. முதல்ல யுபிஐ-ல காசு வரட்டும், காசு போட்டவங்க கிட்ட மட்டும் சைஸ் கேளுங்க. நண்பர்கள் கிட்ட கேக்க கூச்சமா இருக்கும், புரியுது. ஆனா "சம்பளம் வந்ததும் தரேன்டா"ன்னு சொல்றவருக்கு நீங்க வட்டியில்லாக் கடன் கொடுக்குறீங்க. கார்டு பில்லை முழுசா கட்டலைன்னா பல பேங்க் உங்க கிட்ட மாசம் 3.5%-க்கும் மேல வட்டி வாங்கும்.

எண்ணிக்கை கூடினா ரேட் ஏன் குறையுது? ஸ்கிரீன் பிரிண்டிங்ல ஒவ்வொரு கலருக்கும் தனி ஸ்கிரீன் செய்யணும். அந்தச் செலவு 10 பீஸுக்கும் ஒண்ணுதான், 500 பீஸுக்கும் ஒண்ணுதான். அதனால கொஞ்ச பீஸ்தான் வேணும், டிசைன்ல நிறைய கலர் இருக்குன்னா டிடிஎஃப் பிரிண்ட் கேளுங்க. ஸ்கிரீன் செலவே கிடையாது. முதுகுல ஆளுக்கு ஒரு பேர் போடறதுக்கும் அதுதான் வசதி. ஆனா நெஞ்சு முழுக்கப் பெரிய படமா போட்டா பிளாஸ்டிக் ஷீட் ஒட்டின மாதிரி இருக்கும். மே மாச வெயில்ல அதைப் போட்டு பீல்டிங் நின்னு பாருங்க, தெரியும்.

எம்பிராய்டரிக்குக் கணக்கே வேற. எத்தனை தையல் விழுதுங்கறதை வச்சுத்தான் விலை. லோகோவை மெஷினுக்கு ஏத்த மாதிரி மாத்த டிஜிட்டைசிங் சார்ஜ் தனி. காலர் வச்ச கெட்டியான போலோவுக்கு அழகா உட்காரும், மெல்லிசான டிரை-ஃபிட் துணியில சுருங்கிக்கும். லோகோவுக்குக் கீழ பொடி எழுத்துல டேக்லைன் இருந்தா எடுத்துடுங்க, நூல்ல அது வெறும் கட்டியாத்தான் தெரியும்.

துணியைப் பத்தி "நல்ல காட்டன் சார், திருப்பூர் மால்"னு மட்டும் சொன்னா போதாது. ஜிஎஸ்எம் எவ்வளவு? 180-ன்னு சொல்லிட்டு 140 கொடுத்தா கண்ணால கண்டுபிடிக்க முடியாது. காசு கொடுத்தாவது ஒரு சாம்பிள் வாங்கி, வீட்டுல துவைச்சு, காய வச்சு, திரும்ப அளந்து பாருங்க. சைஸும் அப்படித்தான். ஒரு கடையோட எல் இன்னொரு கடையில எம். நெஞ்சளவு எத்தனை இஞ்ச்னு கேட்டு வாங்குங்க.

கோட்டேஷன்ல ஜிஎஸ்டி, டிஜிட்டைசிங், டெலிவரி எல்லாம் சேர்ந்திருக்கான்னு கேளுங்க. 2025 செப்டம்பர் 22-லிருந்து ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரைக்கும் உள்ள துணிக்கு 5% ஜிஎஸ்டி. "பில் வேண்டாம்னா குறைச்சுத் தரேன்"னு சொன்னா தலையாட்டிடாதீங்க. பேர் தப்பா அடிச்சு வந்தா காட்டுறதுக்கு அந்த பில்லும், டிசைனுக்கு நீங்க ஓகே சொன்ன வாட்ஸ்அப் மெசேஜும்தான் இருக்கும். நம்ம லோகோ போட்டதை வேற யாருக்கும் விக்க முடியாதுங்கறதால ரிட்டர்னும் எடுக்க மாட்டாங்க. அட்வான்ஸ் பாதிக்கு மேல கொடுக்காதீங்க.

மிஞ்சின 21 டி-ஷர்ட்டும் இன்னும் என் பீரோலதான் இருக்கு. அதுல 14 டபுள் எக்ஸ்எல். அடுத்த வீடியோல நான் போட்டுட்டு வரப்போறதும் அதுல ஒண்ணுதான்.