குஞ்சு கொடுத்தால் போதுமா?

வீட்டில் நாலு கோழி இருந்தால், அந்த முட்டைக் காசு பெண்களின் கைக்காசு. யாரிடமும் கேட்க வேண்டியது இல்லை. பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கலாம். அவசரத்துக்கு மருந்து வாங்கலாம்.

ஆனால், தீனியை விலைக்கு வாங்கினால் அந்தக் காசு அதிலேயே கரைந்து விடுகிறது. வெறும் குருணையும் தவிடும் போட்டாலோ, குஞ்சுகள் தேறுவது இல்லை. கோழியும் சரியாக முட்டை இடுவது இல்லை. புரதச் சத்துக் குறைவே இதற்கு முக்கியக் காரணம்.

கோழி குப்பையைக் கிளறுவது இந்தச் சத்தைத் தேடித்தான். புழு, பூச்சிகளில் அது நிறைய இருக்கிறது. நம் பாட்டிமார்கள் இதை அறிந்து இருந்தார்கள். பழைய பானையில் காய்ந்த சாணம், வைக்கோல், கந்தல் சாக்கு ஆகியவற்றைப் போட்டு, தண்ணீர் தெளித்து, கறையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைப்பார்கள். காலையில் பானைக்குள் கறையான் ஏறி இருக்கும். குஞ்சுகள் ஓடி வந்து கொத்தித் தின்னும்.

இன்று பல வீடுகளில் வாசலுக்குச் சிமெண்டு போட்டாகி விட்டது. கிளற மண் இல்லாத கோழி என்ன செய்யும்?

டப்பாவில் வளரும் புழு

அதற்கும் வழி இருக்கிறது. மாவுப் புழுவை வீட்டிலேயே வளர்க்கலாம். கேட்க அருவருப்பாக இருக்கலாம். ஆனால், உலர்ந்த மாவுப் புழுவில் ஏறக்குறைய பாதி புரதம்! ஐரோப்பிய நாடுகளில் பூச்சிப் புரதத்தைக் கோழித் தீனியில் சேர்க்க 2021-ம் ஆண்டு அனுமதி கொடுத்தார்கள்.

செலவும் அதிகம் இல்லை. வழவழப்பான பிளாஸ்டிக் டப்பா ஒன்று போதும். அதில் 2 அங்குல உயரத்துக்குக் கோதுமைத் தவிட்டைப் பரப்பி, புழுக்களை விட வேண்டும். ஈரத்துக்குக் காரட் அல்லது உருளைக்கிழங்குத் துண்டு போட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. பூஞ்சை பிடித்து விடும். மூடியில் காற்றுத் துளைகள் வேண்டும். டப்பாவை நிழலில் வைக்க வேண்டும்.

புழு, கூட்டுப்புழுவாகிப் பிறகு வண்டாக மாறும். ஒரு பெண் வண்டு நூற்றுக்கணக்கில் முட்டை இடும். வண்டுகளை வேறு டப்பாவுக்கு மாற்றி விட வேண்டும். இல்லாவிட்டால் முட்டைகளை அவையே தின்று விடும். முட்டை பொரிந்து, புழு நன்றாக வளர 2 அல்லது 3 மாதம் ஆகும். அதுவரை பொறுமை வேண்டும்.

எச்சரிக்கை

இந்த வண்டு தானியத்தையும் மாவையும் கெடுக்கும். எனவே, டப்பாவைச் சமையல் அறைப் பக்கம் வைக்கவே கூடாது. புழுவை மட்டுமே தீனியாகவும் போடக் கூடாது. அதில் சுண்ணாம்புச் சத்து குறைவு. முட்டைக் கோழிக்கு வழக்கமான தீனியுடன் கிளிஞ்சல் தூளும் தர வேண்டும்.

சொல்லித் தர வேண்டும்

ஏழைப் பெண்களுக்கு நாட்டுக் கோழிக் குஞ்சு கொடுக்கும் திட்டங்கள் தமிழ்நாட்டில் நடந்து இருக்கின்றன. நல்ல காரியம். ஆனால், தீனி இல்லாமல் குஞ்சு செத்துப் போனால் கொடுத்ததும் வீண், வாங்கியதும் வீண்.

கறையான் கிடைக்கும் ஊரில் பானை வைக்கும் பழக்கத்தைப் பெரியவர்கள் சொல்லித் தரட்டும். கிடைக்காத இடத்தில் புழு வளர்க்கும் முறையைக் கால்நடைத் துறையினர் நேரில் செய்து காட்டட்டும்.

குஞ்சு கொடுக்கும் கை, தீனிக்கும் வழி காட்ட வேண்டும். அப்போதுதான் முட்டைக் காசு அந்தத் தாயின் கையில் தங்கும்.