ஆக்கப் பொறுத்தால் போதுமா?

புதுச்சேரிக்குச் சற்றுத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு என்ற பழைய துறைமுகப் பட்டினம் மண்ணில் புதைந்து கிடக்கிறது. 1945-ம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்து பார்த்த பிறகு அதன் புகழ் உலகெங்கும் பரவிற்று. அங்கே கிடைத்த பொருள்களில் ரோமாபுரியிலிருந்து கப்பலேறி வந்த கண்ணாடிக் கிண்ணங்களின் துண்டுகளும் உண்டு. வெளிப்புறத்தில் பூசணிக்காய்க்கு இருப்பதுபோல் வரிவரியாக விலா எழும்பிய கிண்ணங்கள் அவை. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை.

அந்தக் கிண்ணத்தை எவ்விதம் செய்தார்கள்? குழாயில் ஊதிச் செய்திருப்பார்கள் என்றே நாம் முதலில் நினைப்போம். ஆனால் ஆராய்ச்சியாளர் பலர் வேறு விதமாகக் கருதுகிறார்கள். சூடான கண்ணாடியை முதலில் வட்டத் தட்டாக்கி, அதன்மேல் விலாக்களை அழுத்தி எழுப்பி, பிறகு அத்தட்டைக் குவிந்த மண் அச்சு ஒன்றின்மீது கவிழ்த்துச் சூளையில் வைத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. சூடு ஏற ஏறக் கண்ணாடி இளகி, தன் பாரத்தினாலேயே தொய்ந்து அச்சின் உருவத்தை அடைந்துவிடும். ஈரத் துணியைக் குடத்தின்மேல் போட்டால் அது குடத்தின் வடிவிலேயே படிந்துவிடுகிறதல்லவா? அது போலத்தான்.

ஊதுகுழலும் கொதிக்கும் உலையும் வேண்டாத இந்தப் பழைய முறை இன்று மறுபடியும் உயிர் பெற்றிருக்கிறது. அடக்கமான ஒரு மின்சாரச் சூளை இருந்தால் வீட்டுக் கொல்லையிலேயே செய்யக்கூடிய தொழில் இது. ஆகவே இவ்வாரம் இதைப் பற்றிச் சிறிது விவரமாகவே சொல்ல விரும்புகிறோம்.

முறைகள் இரண்டு. ஒன்று, மேலே சொன்ன தொய்வு முறை. இதற்குச் சுட்ட மண்ணால் செய்த அச்சு ஒன்று வேண்டும். அடியில் காற்று வெளியேறுவதற்குச் சிறு துவாரங்கள் இருக்க வேண்டும். வெள்ளைக் களிமண்ணையும் அலுமினாப் பொடியையும் நீரில் கரைத்து, மெல்லிய தூரிகையால் அச்சின்மேல் பல தடவை பூசி உலர்த்த வேண்டும். இந்தப் பூச்சு இல்லாவிட்டால் கண்ணாடி அச்சோடு ஒட்டிக்கொண்டு இரண்டும் பாழாகும். அதன்மேல் கண்ணாடித் தகட்டை வைத்து மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். கலைவேலைக்கென்று செய்யும் கண்ணாடி சுமார் 650 முதல் 680 டிகிரி சென்டிகிரேடில் தொய்யும். ஜன்னல் கண்ணாடிக்கு இன்னும் சற்று அதிகச் சூடு வேண்டும்.

மற்றொன்று வார்ப்பு முறை. நம் ஸ்வாமிமலை ஸ்தபதிகளின் வேலையைப் பார்த்தவர்களுக்கு இதன் பாதி முன்பே தெரியும். அவர்களைப் போலவே முதலில் மெழுகில் உருவம் செய்துகொள்ள வேண்டும். அவர்கள் அதன்மேல் காவேரி வண்டலைப் பூசுவார்கள். இங்கே ஜிப்சச் சுண்ணாம்பையும் மணற்கல் மாவையும் சம எடையாக நீரில் கலந்து ஊற்றி அச்சு எடுப்பார்கள். இந்த மாவுத் தூசி நெஞ்சுக்குள் போனால் கெடுதல் என்பதால் முகமூடியின்றி இதைக் கையாளலாகாது. பிறகு ஆவி காட்டி மெழுகை வெளியேற்ற வேண்டும். ஸ்தபதி உருகிய உலோகத்தை அச்சுக்குள் ஊற்றுகிறார். கண்ணாடி வேலைக்காரரோ கண்ணாடிக் கட்டிகளை அச்சின் வாயிலேயே அடுக்கி, அச்சும் கட்டிகளுமாகச் சூளைக்குள் வைத்துவிடுகிறார். 800 முதல் 850 டிகிரியில் கட்டிகள் இளகித் தேன்போல் இறங்கி மூலை முடுக்கெல்லாம் நிரம்புகின்றன.

எவ்வளவு கண்ணாடி வேண்டும் என்று கணக்கிடுவது எளிது. மெழுகு உருவத்தை நீர் நிறைந்த பாத்திரத்தில் முழுக அழுத்தினால் எவ்வளவு நீர் வழிகிறதோ, அந்த நீரின் எடையைப்போல் இரண்டரை மடங்கு கண்ணாடி தேவை. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கண்டகண்ட கண்ணாடிகளை ஒன்றாகச் சேர்த்து உருக்கலாகாது. சூட்டில் விரிவதும் குளிரில் சுருங்குவதும் ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒவ்வோர் அளவு. அளவு ஒவ்வாத இரண்டைச் சேர்த்தால் என்றைக்காவது ஒரு நாள் பிளந்தே தீரும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஆக்குகிற வேலை. இனி ஆற்றுகிற வேலை. தொழிலின் உயிர் இதில்தான் இருக்கிறது.

கண்ணாடியைச் சட்டென்று ஆறவிட்டால் என்ன நேர்கிறது? மேற்புறம் முதலில் இறுகிவிடுகிறது. உட்புறம் பின்னால் ஆறிச் சுருங்க முயல்கிறது. இறுகிப்போன மேற்புறம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. இந்த இழுபறி கண்ணாடிக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். கண்ணுக்குப் பொருள் பழுதற்றதாகவே தோன்றும். ஒரு வாரமோ ஒரு வருஷமோ கழித்து, மேஜைமேல் சும்மா வைத்திருக்கும்போதே படீரென்று இரண்டாகப் போகும். ஒளியை ஒரே தளத்தில் அதிரவிடும் வடிதகடுகள் இரண்டைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, நடுவே அப்பொருளைப் பிடித்துப் பார்த்தால், இழுபறி உள்ள இடங்கள் இருட்டில் வெளிச்சத் திட்டுகளாகத் தெரியும். நல்ல பட்டறைகளில் இந்தச் சோதனை செய்யாமல் பொருளை வெளியே அனுப்ப மாட்டார்கள்.

இதற்குப் பரிகாரம் ஒன்றே. வார்த்து முடிந்ததும் சூளையை ஏறக்குறைய 500 டிகிரிக்கு இறக்கி, கண்ணாடியின் உள்ளும் புறமும் ஒரே சூடாகும் வரை அங்கேயே நிறுத்த வேண்டும். பிறகு மிகவும் மெதுவாக இறக்க வேண்டும். கனம் இரட்டித்தால் காலம் இரட்டித்தால் போதாது. நாலு மடங்காக வேண்டும். அரை அங்குலக் கனமுள்ள தட்டு சில மணி நேரத்தில் ஆறும். நாலு அங்குலக் கனமுள்ள சிற்பத்துக்கு ஒரு வாரம் பிடிக்கும். அந்த ஒரு வாரமும் சூளைக் கதவைத் திறக்கலாகாது. உள்ளே எப்படி வந்திருக்கிறதோ என்ற ஆவலில் ஒரு நிமிஷம் திறந்து பார்த்து, மாதக்கணக்கான உழைப்பை இழந்தவர்கள் அநேகர். ‘ஆக்கப் பொறுத்தவர்க்கு ஆறப் பொறுக்கவில்லையா?’ என்று நம் வீட்டுப் பாட்டிமார் கேட்பது சோற்றுக்கு மட்டும் சொன்னதல்ல.

இந்தப் பொறுமைக்கு ஒப்பற்ற உதாரணம் அமெரிக்காவில் உண்டு. கலிபோர்னியாவிலுள்ள பாலோமார் மலையில் ஒரு பெரிய தூரதரிசினி அமைக்க வேண்டும் என்று ஜார்ஜ் எல்லரி ஹேல் என்ற வானசாஸ்திரி விரும்பினார். அதற்கு 200 அங்குலக் குறுக்களவுள்ள கண்ணாடி வட்டம் தேவையாயிற்று. நியூயார்க் ராஜ்யத்திலுள்ள கார்னிங் தொழிற்சாலையார் அதை வார்க்க ஒப்புக்கொண்டார்கள். அங்கே கையாண்ட முறை சற்று வேறு. உருகிய கண்ணாடியைப் பெரிய கரண்டிகளால் முகந்து, முன்பே சூடேற்றியிருந்த அச்சுக்குள் ஊற்றினார்கள். ஆனால் ஆற்றும் விதி சிறிய கிண்ணத்துக்கும் பெரிய வட்டத்துக்கும் ஒன்றுதானே?

1934-ம் ஆண்டு மார்ச்சு 25-ந் தேதி ஜனங்கள் திரண்டு வேடிக்கை பார்க்க முதல் வார்ப்பு நடந்தது. பாரம் குறைவதற்காக வட்டத்தின் பின்புறத்தில் குழிகள் விழும்படி அச்சுக்குள் கட்டிகளைப் பொருத்தியிருந்தார்கள். அவற்றைப் பிடித்திருந்த உலோக ஆணிகள் சூடு தாங்காமல் போகவே, கட்டிகள் கழன்று கண்ணாடிக் குழம்பின்மேல் மிதந்தன. வேலைக்கு உதவாத அந்த வட்டத்தை இன்றும் கார்னிங் கண்ணாடிக் காட்சிசாலையில் காணலாம். தோல்வியை அவர்கள் ஒளித்து வைக்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி மறுபடியும் வார்த்தார்கள். அதன் பின் சுமார் பத்து மாதம் அதை ஆறவைத்தார்கள். நாளொன்றுக்கு ஒரு டிகிரிக்கும் குறைவாகவே சூட்டை இறக்கினார்கள். நடுவில், 1935-ம் ஆண்டு ஜூலையில், ஆற்றில் வெள்ளம் வந்து மின்சாரமும் நின்றது. அத்தனை பேருடைய உழைப்பும் அந்த நாட்களில் ஊசலாடிற்று. நல்லவேளையாக வட்டம் தப்பிற்று. 1936-ல் சுமார் 20 டன் எடையோடு அது ரயிலேறிப் பாஸடீனா போய்ச் சேர்ந்தது. தேய்த்து மெருகிட்டு முடிய 1947 ஆயிற்று. நடுவே யுத்தமும் குறுக்கிட்டது. 1948-ம் ஆண்டு ஜூன் 3-ந் தேதி தூரதரிசினிக்கு ஹேலின் பெயரைச் சூட்டினார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை, 1938-லேயே காலமாகிவிட்டார்.

இப்போது அரிஸோனா சர்வகலாசாலையில் இதைவிடப் பெரிய வட்டங்களைச் சூளையிலேயே வார்க்கிறார்கள். கண்ணாடிக் கட்டிகளை அச்சின்மேல் அடுக்கி, சூளையையே சுழல வைக்கிறார்கள். மத்தால் கடையும்போது மோர் நடுவே குழிந்து ஓரத்தில் உயர்கிறதல்லவா? அதேபோல் கண்ணாடியும் வேண்டிய குழிவைத் தானே பெறுகிறது. 8.4 மீட்டர் குறுக்களவுள்ள அந்த வட்டங்கள் ஆறுவதற்குச் சுமார் மூன்று மாதம் ஆகிறது. அறிவு வளர்ந்து காலம் குறைந்திருக்கிறது. பொறுமை வேண்டாமென்று ஆகிவிடவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் 2.34 மீட்டர் தூரதரிசினி ஒன்று 1986-ல் திறக்கப்பட்டது. அதைத் திட்டமிட்ட வைணு பாப்பு 1982-லேயே மறைந்துவிட்டார். அது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் கண்ணாடியைத் தேய்த்து மெருகிட்டவர்கள் பெங்களூரிலுள்ள நம்மவர்கள். இதில் நாம் பெருமை கொள்வது நியாயமே. ஆனால் தேய்ப்பதற்கான வட்டம் ஜெர்மனியில் வார்த்து, அங்கே ஆறி, இங்கே வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அரிக்கமேட்டுக்குக் கிண்ணம் கடல்கடந்து வந்த அதே காலத்தில், அவ்வூர்த் தொழிலாளர்கள் கண்ணாடி மணிகளைச் செய்துகொண்டிருந்தார்கள். கண்ணாடியும் நெருப்பும் நமக்குப் புதியவையல்ல. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்பிக்கும் இடங்களில் சிறிய சூளை ஒன்று வைத்து, முதலில் உள்ளங்கையளவு கிண்ணம் செய்யப் பழக்கலாம். வடிதகடுகளால் அதைச் சோதித்து, எங்கே அவசரப்பட்டோம் என்று அவர்களே கண்டுகொள்ளட்டும். மூடிய கதவுக்கு வெளியே ஒரு வாரம் காத்திருக்கக் கற்ற பிள்ளைகளில் யாரேனும் ஒருவர், காவலூருக்கு அடுத்த வட்டத்தை இந்த மண்ணிலேயே வார்த்து ஆற்றக்கூடும்.