திங்கட்கிழமை நோய்

உழைப்பு மிகுந்தால் உடல் நோகும் என்பது யாவரும் அறிந்ததே. ஓய்வினாலும் நோய் வருமோ? வரும் என்பதற்குக் குதிரையே சான்று. இவ்வாரம் அதைப்பற்றிச் சிறிது சிந்திப்போம்.

மேலைநாடுகளில் வண்டியும் ஏரும் இழுத்த குதிரைகளுக்கு ஞாயிறு ஓய்வு நாள். வேலை இல்லை, தானியமோ வழக்கம்போல் நிறையக் கிடைக்கும். திங்கட் காலையில் வண்டியிற் பூட்டிச் சிறிது தூரம் செல்வதற்குள் குதிரை வியர்த்துக் கொட்டும். பின்தொடைகள் மரம்போல் இறுகும். அடியெடுத்து வைக்க இயலாது நிற்கும். சிறுநீர் கருங்கபில நிறமாகும். இதனைத் 'திங்கட்கிழமை நோய்' என்றே வழங்கினர். இன்று பந்தயக் குதிரைகளையும் இது வாட்டுகின்றது.

இந்நோயில் தசையிழைகள் சிதைகின்றன. அவற்றிலுள்ள மையோகுளோபின் என்னும் செந்நிறப் புரதம் குருதியிற் கலந்து சிறுநீரகத்தை அடைகின்றது. சிறுநீரின் நிறம் மாறுவது இதனாலேயே. நோய் முற்றின் சிறுநீரகம் பழுதுற்று உயிருக்கே இடராகும்.

காரணம் ஒன்றன்று. பாரமிழுக்கும் இனங்களிலும் குவாட்டர் இனத்திலும் காணப்படும் ஒரு பரம்பரையலகு மாற்றத்தை, அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2008ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். அம்மாற்றமுடைய குதிரையின் தசையில் கிளைக்கோசன் என்னும் சேமிப்புப் பொருள் அளவு கடந்து திரளுகின்றது. தரோபிரட் பந்தயக் குதிரைகளில் நோய் வேறு வழியில் வருகின்றது. பரபரப்பு மிக்க இளம் பெண் குதிரைகளே பெரிதும் துன்புறுகின்றன.

நோய் கண்டவுடன் செய்யத்தகாதது ஒன்றுண்டு. நடந்தால் விறைப்புத் தீரும் என்றெண்ணிக் குதிரையை இழுத்துச் செல்லலாகாது. அது தசையை மேலும் சிதைக்கும். நின்ற இடத்திலேயே நிறுத்தி, மிருக வைத்தியரை அழைத்தல் வேண்டும்.

மீண்டும் வாராது காப்பது எங்ஙனம்? தானியத்தையும் வெல்லப்பாகு கலந்த தீனையும் குறைத்து, உலர்புல்லை முதன்மையாக்குகின்றனர். மேலும் வலு தேவைப்படின் தாவர எண்ணெயைச் சேர்க்கின்றனர். குருதிப் பரிசோதனையில் தசை நொதியங்கள் தணிந்ததைக் கண்டபின், சிறிது சிறிதாகப் பயிற்சியைத் தொடங்குகின்றனர். அதன்பின் ஒருநாளேனும் இலாயத்தில் அடைத்து வையாது, நாள்தோறும் நடமாட விடுகின்றனர்.

ஓய்வு நாளில் அள்ளியிட்ட தானியம் அன்பினால் இட்டதே. அதுவே குதிரைக்குப் பகையாயிற்று. வாயில்லாச் சீவனை வளர்ப்போர்க்கு அன்போடு அளவும் வேண்டும்.