நாய் எதையோ விழுங்கிவிட்டதா?



ஊரில் நாய் வாசலில் கிடந்தது. நகரத்திலோ அது நம்மோடு ஒரே அறைக்குள் வாழ்கிறது. எலிக்கு வைத்த மருந்து, தலைவலி மாத்திரை, பிள்ளைகளின் சாக்லேட், கழிவறை கழுவும் அமிலம் ஆகிய யாவும் அதன் வாய்க்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. ஆகையால், அது தகாததொன்றை விழுங்கிவிட்டால் நாம் செய்யவேண்டியது என்ன, செய்யலாகாதது என்ன என்பதை இம்மாதம் சிந்திப்போம்.

முதலாவது, கைவைத்தியம் வேண்டாம். உப்புக்கரைசலையோ புளிக்கரைசலையோ புகட்டி வாந்தியெடுக்கச் செய்வது நம்மவர் வழக்கம். உப்பு மிகுந்தால் அதுவே வலிப்பையும் மரணத்தையும் வருவிக்கும். புளியும் நாய்க்கு ஆகாது. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பதற்கு அதிலுள்ள டார்டாரிக் அமிலம் காரணமாயிருக்கலாம் என்று அமெரிக்க விலங்கு நச்சியல் மருத்துவர்கள் 2021ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார்கள். அந்த அமிலம் புளியிலும் மிகுதியாய் உண்டு. கழிவறை அமிலத்தைக் குடித்த நாய் வாந்தியெடுத்தால் தொண்டை இரண்டாம் முறையும் வெந்துபோகும். மண்ணெண்ணெயானால் நுரையீரலுக்குள் சென்றுவிடும். பாலும் எப்பொழுதும் நன்மை செய்யாது. எலிப்பசையிலுள்ள மஞ்சள் பாஸ்பரஸ் கொழுப்பில் கரைவதால், பால் அவ்விஷத்தை உடலுக்குள் விரைந்து சேர்க்கும்.

இரண்டாவது, உண்மையைக் கண்டறியுங்கள். எதைத் தின்றது, எவ்வளவு தின்றது, எப்பொழுது தின்றது என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை வேண்டும். மீதியையும் உறையையும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எலிமருந்து என்று மட்டும் சொன்னால் போதாது. கறுத்த தூளாயிருக்கும் ஜிங்க் பாஸ்பைடு வயிற்றில் விஷவாயுவாக மாறும். அந்த வாந்தியின் வாயு நமக்கும் தீங்கானது, எனவே ஜன்னல்களைத் திறந்துவையுங்கள். புரோமடியலோன் கட்டிகளோ இரத்தம் உறையாதபடி தடுப்பவை. ஒன்றின் சிகிச்சை மற்றொன்றிற்கு உதவாது.

இங்கே பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பல வேளைகளில் உண்மையை அறிந்திருப்பது வீட்டிலுள்ள சிறுபிள்ளையே. தன் சாக்லேட்டை அன்போடு பகிர்ந்து கொடுத்தது அதுதான். நீங்கள் அதட்டினால் பிள்ளை மறைத்துவிடும். மறைந்த உண்மையோடு நாயின் உயிரும் போகக்கூடும். மடியில் அமர்த்தி மெதுவாய்க் கேளுங்கள். கண்டிப்பு நாளைக்கு ஆகட்டும்.

மூன்றாவது, அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். புரோமடியலோனைத் தின்ற நாய் இரண்டு மூன்று நாட்கள் வாலாட்டிக்கொண்டே இருக்கும். பின்பே உள்ளே இரத்தம் கசியும். வைட்டமின் கே1 அதற்கு முறிமருந்து, வாரக்கணக்கில் கொடுக்கவேண்டியதிருக்கும். மருத்துவர் வாந்தியெடுக்கச் செய்வது பெரும்பாலும் முதல் இரண்டு மணி நேரத்திற்குள்தான் பலன் தரும். ஆகவே உடனே தொலைபேசியில் பேசி, அவர் சொன்னபடி செய்து, புறப்படுங்கள். மும்பையில் பரேலிலுள்ள பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனையும், பெங்களூரில் ஹெப்பாலிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியும் பலர் அறிந்த இடங்கள்.

மாங்கொட்டை, காலுறை போன்றவை விஷமல்ல. ஆனாலும் குடலை அடைத்துவிடும். ஓயாத வாந்தியும், மலம் கழியாமையும், வயிற்றைத் தொடவிடாமையும் அதன் அடையாளங்கள். எக்ஸ்ரேயில் இவை தெளிவாய்த் தெரியாமற்போகலாம். ஆகவே சந்தேகத்தை வாய்திறந்து சொல்லுங்கள். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதிருங்கள். அது குடலை அறுத்துவிடும்.

இன்றிரவே இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். கால்நடை மருத்துவரின் எண்ணைக் கதவின் பின்புறம் எழுதி ஒட்டுங்கள். எலிமருந்தையும் மாத்திரைகளையும் மேல்தட்டில் பூட்டிவையுங்கள். நாயைக் காக்கும் அந்தப் பூட்டு, தவழும் குழந்தையையும் காக்கும்.