கயிற்றின் மறுமுனை

இந்த வாரம் என் ரத்த அழுத்தத்தை ஏற்றியது நண்பர் ஒருவரின் அந்தமான் வீடியோ. நண்பர் சான்றிதழ் வாங்கிய ஸ்கூபாக்காரர். ஆழத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார். தலை தண்ணீருக்கு மேலே வந்ததும் முதல் வேலையாக வாயிலிருந்த மூச்சுக்குழாயைத் துப்பினார். அடுத்து முகக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பிறகு கேமராவைப் பார்த்துச் சிரித்தார். சிரித்த வாயில் அலை வந்து உப்புத்தண்ணீர் ஊற்றியது.

கேட்டால், "காற்றை மிச்சம் பிடித்தேன்" என்கிறார். 12 லிட்டர் சிலிண்டரில் 50 பார் மிச்சமிருந்தாலே 600 லிட்டர் காற்று. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுத்தாலும் அரை மணி நேரம் ஓடும். யாருக்காக இந்தச் சிக்கனம்? படகில் ஏறும்வரை இவை இரண்டையும் கழற்றாதே என்பது பாலபாடம். சிலிண்டரில் காற்று இருக்க, இடுப்பில் ஈயக்கட்டியும் இருக்க, மேற்பரப்பிலேயே தத்தளித்து மூழ்கியவர்கள் உண்டு.

போகட்டும், அந்தமானை விடுங்கள். வீடியோவைப் பார்த்ததும் என் நினைவு ஓடியது கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு. அங்கேயும் காற்று இருக்கும், மூச்சுக்கு எட்டாது. வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என் பூட்டுப் புராணம் மனப்பாடம் ஆகியிருக்கும். இருந்தாலும் இன்னொரு முறை. ஓர் ஆலையில், பெயர் வேண்டாம், தொட்டியில் இறங்குபவருக்கான மூச்சுக்கருவி கண்ணாடி அலமாரியில் பளபளவென்று நிற்கிறது. அலமாரிக்குப் பூட்டு. சாவி மேற்பார்வையாளரிடம். அவர் விடுப்பில். எச்சரிக்கைப் பலகை தமிழிலும் ஆங்கிலத்திலும்; தொட்டிக்குள் இறங்குபவர் பேசுவதோ ஒடியா.

இரும்புத் தொட்டி வெறும் தொட்டிதானே என்று நினைக்கிறோம். மூடிக் கிடக்கும் தொட்டியில் துரு ஏற ஏற, உள்ளேயிருக்கும் ஆக்சிஜனை இரும்பே தின்றுவிடும். வெளியே 21 சதவீதம் இருப்பது உள்ளே 6 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால், நாலைந்து மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். வாடை கிடையாது, புகை கிடையாது. மேலே நிற்பவர் எட்டிப் பார்க்கிறார். மயக்கம்போல என்று வெறும் மூக்கோடு குதிக்கிறார். அவரைத் தூக்க மூன்றாவது ஆள். கழிவுநீர்த் தொட்டிச் செய்திகளில் பெயர்கள் மூன்றும் நான்குமாக வருவது இப்படித்தான்.

இது சட்டம் அறியாததல்ல. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு விவரமாகவே எழுதி வைத்தது: உள்ளே நச்சுக்காற்று இல்லை என்று தகுதியுள்ளவர் சோதித்துச் சான்று தர வேண்டும், இல்லையென்றால் இறங்குபவர் மூச்சுக்கருவி அணிய வேண்டும், இடுப்பு வாரில் கயிறு கட்ட வேண்டும், அந்தக் கயிற்றின் மறுமுனையை வெளியே ஓர் ஆள் பிடித்திருக்க வேண்டும்.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களுக்கு இதைச் சொல்ல எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. கல்லைக் காலில் கட்டி இறங்குபவரின் உயிர், படகில் கயிறு பிடிப்பவர் கையில். அந்த வேலைக்கு மனைவியின் தம்பியையே நிறுத்துவார்களாம். அக்காள் தாலி அவன் கையில் அல்லவா? 'மச்சான் துணை இருந்தால் மலை ஏறலாம்' என்பதற்கு இப்படியும் ஒரு விளக்கம் உண்டு. கதையோ நிஜமோ, கணக்கு சரி. பிற்பாடு தூத்துக்குடிப் பக்கம் சங்கு எடுப்பவர்கள் படகில் கம்ப்ரசர் வைத்து, நீண்ட டியூப் வழியாக மூச்சு வாங்கி இறங்கினார்கள். என்ஜின் புகை கம்ப்ரசரின் வாய்க்குள் போனால், கடலடியில் இருப்பவர் இழுப்பது கார்பன் மோனாக்சைடு. ஆழத்தில் இருப்பவருக்கு என்ன காற்று என்று தீர்மானிப்பது மேலே நிற்பவர்தான்.

ஆலையில் அந்த மேலே நிற்பவர் யார்? அன்றைக்கு வேறு வேலை இல்லாத ஒப்பந்தப் பையன். 'சும்மா நில்லுடா' என்பதே அவனுக்குக் கிடைத்த பயிற்சி. டீ வாங்கி வரவும் அவனைத்தான் அனுப்புவார்கள். முத்துப் படகில் கயிறு பிடித்தவருக்குச் சிப்பியில் பங்கு இருந்தது. இவனுக்கு இருப்பதிலேயே குறைந்த கூலி.

ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் தொட்டியில் இறங்குவதற்கான பெர்மிட் காகிதத்தைக் கேட்கிறார்கள், கேட்கட்டும். கூடவே மேலே நிற்பவனுக்கு இன்னொரு மூச்சுக்கருவி எங்கே என்றும், அவனுக்குச் சம்பளம் எவ்வளவு என்றும் கேட்டுவிட்டுப் போகலாம். அப்படியே அந்தப் பூட்டையும் உடைத்துவிட்டால், நான் வேறு விஷயம் எழுதுவேன்.