எங்கள் சாச்சா எந்த ஊர்க்காரர்?

எங்களில் ஒருத்தியிடம் ஒரு பழைய கொப்பி இருக்கிறது. புத்தளத்தில் அகதிப் பிள்ளைகளாகப் படித்த காலத்துக் கொப்பி. 'எனது குடும்பம்' என்று ஒரு கட்டுரை. வாப்பா, நானா, சாச்சி என்று அவள் எழுதிய இடமெல்லாம் சிவப்பு மையால் வெட்டி, மேலே அப்பா, அண்ணன், சித்தி. ஓரத்தில் 'நல்ல தமிழில் எழுதுக' என்று ஒரு குறிப்பு. திருத்தியவரும் தன் வீட்டில் வாப்பா என்று கூப்பிட்டு வளர்ந்தவர்தான்!

இதில் ஒரு பகிடி உண்டு. எங்கள் வீடுகளில் அப்பா என்றால் வாப்பாவின் தகப்பன், இல்லாவிட்டால் உம்மாவின் தகப்பன். ஒரு சிவப்புக் கோட்டில் அவளுடைய வாப்பா கிழவனாகிவிட்டார்.

இப்போது வேறொரு சிவப்பு மை வந்திருக்கிறது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் போன நோன்பு நேரம் ஒரு குரல் பதிவு. "பாங்கு பாரசீகச் சொல், அதான் எண்டு சொல்லுங்க. கந்தூரியும் பாரசீகம்தான். புள்ளையளுக்கு பீவி, பானு எண்டு பேர் வைக்காதீங்க. அதெல்லாம் அஜமிகள்ர பழக்கம்." மூன்று நிமிடத்துக்கு மேல் போகிறது.

தகவல் சரிதான், அதை மறுக்கவில்லை. பாங்கு என்பது பாரசீகத்தில் உரத்த குரல். கந்தூரி என்பது உணவு பரிமாறும் விரிப்பு, பிறகு அந்த விரிப்பில் வைக்கும் விருந்து. பீவியும் பானுவும் மதிப்புக்குரிய பெண்ணைக் குறிக்கும் சொற்கள். தகவல் சரி, முடிவுதான் பிழை. பாரசீகம் என்பதற்காக ஒரு சொல்லைத் தூக்கி எறிவதென்றால் மன்னாரில் இந்து வீடு, கத்தோலிக்க வீடு எல்லாவற்றிலும் பீங்கானை உடைக்க வேண்டும், தோளில் கிடக்கிற சால்வையைக் கழற்ற வேண்டும். பஜாருக்குப் போக முடியாது, மைதானத்தில் விளையாட முடியாது, வேலைக்கு ஒரு சிபாரிசு கேட்க முடியாது (கடைசியாகச் சொன்னது ஒழிந்தால் எங்களுக்குச் சந்தோஷம்தான்).

சரி, அந்தப் பாரசீகத்தின் வீட்டுக்குள் போய்ப் பார்ப்போம். ஈரானில் தகப்பனின் சகோதரன் அமூ, தகப்பனின் சகோதரி அம்மே, தாயின் சகோதரி காலே. மூன்றும் அரபியிலிருந்து போனவை. தாயின் சகோதரன் தாயி, அது துருக்கியச் சொல். 1935இல் ரெஸா ஷா காலத்தில் ஃபர்ஹங்கெஸ்தான் என்று ஒரு மொழிக் கழகம் அமைத்து, அந்நியச் சொற்களுக்குப் பதிலாகப் புதிய பாரசீகச் சொற்களை உண்டாக்கினார்கள். இங்கே மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் போலத்தான். அலுவலகச் சொற்கள் பல மாறின. அமூவும் காலேயும் தாயியும் அசையவில்லை. இன்றைக்கும் ஈரானியப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் சொல்லுக்குள் இருக்கிற கணக்கு. ஈரானில் அமூவின் மகன் பெசர்-அமூ, காலேயின் மகள் தொக்தர்-காலே. இப்படி எட்டு வகை. எட்டுப் பேரும் ஒரே தூரத்தில் நிற்கிறார்கள், யாரை வேண்டுமானாலும் கட்டலாம். எங்களுக்கு அப்படியில்லை. மாமா மகனும் மாமி மகனும் மச்சான். சாச்சாவின் மகன் நானா, இளையவன் என்றால் தம்பி. மார்க்கம் நாலு பக்கத்துச் சம்பந்தத்தையும் அனுமதிக்கிறது. ஆனாலும் சாச்சாட மகளைக் கேட்டுப் போனால் "தங்கச்சியையாடா கட்டப் போறாய்?" என்று உம்மம்மாவே விளக்குமாற்றை எடுப்பார். இது அரபு வழக்கமும் இல்லை, பாரசீக வழக்கமும் இல்லை. யாழ்ப்பாணத்துக்கும் மதுரைக்கும் பொதுவான கணக்கு.

சாச்சா என்ற சொல்லையே எடுங்கள். உருது வழியாக வந்தது. உருதுவில் அது தகப்பனின் தம்பிக்கு மட்டும். தாயின் தங்கை கணவனுக்கு அங்கே காலூ என்று வேறு சொல். எங்களுக்கு இரண்டு பேருமே சாச்சா, தமிழில் இரண்டு பேரும் சித்தப்பாவாக இருப்பது போல. இரவல் சொல்லைக் கொண்டுவந்து தமிழ்க் கணக்கில் உட்கார வைத்திருக்கிறோம். 'நல்ல தமிழ்' வாத்தியாருக்கும் குரல் பதிவுக்காரருக்கும் கண்ணில் படாதது இதுதான். கிழக்கில் அண்ணனைக் காக்கா என்பார்கள். ஆப்கானிஸ்தானில் காக்கா என்றால் தகப்பனின் சகோதரன், ஷிராஸ் பக்கம் சகோதரன். இந்தச் சொல் எந்தக் கடலில் யாரோடு வந்ததென்று யாரும் தேடட்டும், சந்தோஷம். தேடிவிட்டு அழிப்பதைத்தான் கேட்கிறோம், ஏன்?

மறிச்சுக்கட்டி ஒரு காலத்தில் உலகம் வந்துபோன கரை. முத்துக்குளிப்புக் காலத்தில் ஓலைக் கொட்டில்களால் ஒரு பட்டணமே முளைக்கும். 1906இல் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வேலைக்கு அனுப்பப்பட்ட லெனார்ட் வுல்ஃப் அதை எழுதி வைத்திருக்கிறார். பாரசீக வளைகுடாவிலிருந்து அராபியரும், இந்தப் பக்கத்திலிருந்து தமிழரும் சோனகரும் ஒரே கடலில் மூச்சடக்கி இறங்கினார்கள். அப்படிப்பட்ட கரையில் நின்றுகொண்டு தூய சொல் தேடுகிறவர்களுக்கு நாங்கள் என்ன சொல்ல?

இதை ஏன் இவ்வளவு கோபமாக எழுதுகிறோம் என்றால், 'வெளியாக்கள்' என்ற பெயர் எங்களுக்குப் புதிதில்லை. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை, ஏறத்தாழ 75,000 பேரை, வெளியேற்றினார்கள். அதில் நாங்களும். 2009க்குப் பிறகு திரும்பினால் வளவெல்லாம் காடு. 2012இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கக் காணியை வன ஒதுக்கமாக வர்த்தமானியில் போட்டார்கள். 2015இல் வில்பத்துவை அழிக்க வந்த குடியேறிகள் என்று தொலைக்காட்சியில் எங்களைக் காட்டினார்கள். 2017 மார்ச்சில் ஜனாதிபதி சிறிசேன மொஸ்கோவில் இருந்தபடி மாவில்லு வர்த்தமானியில் கையெழுத்திட்டார்.

திரும்பி வந்த நேரம் எல்லைக் கல்லும் இல்லை, வேலியும் இல்லை. பலரிடம் உறுதியும் இல்லை. மூத்தவர்கள் உறவுமுறை சொல்லித்தான் காணி காட்டினார்கள். "இது உன்ட உம்மம்மாட புளியடி. அங்கால மாமாட வளவு. கிணத்துக்கு இஞ்சால சாச்சாட." புத்தளத்தில் பிறந்த நாங்கள் அப்படிக் கேட்டுத்தான் ஊரைப் படித்தோம். இந்தச் சொற்களை மாற்றச் சொல்கிறவர்கள் அந்த வரைபடத்தையும் சேர்த்துக் கேட்கிறார்கள். அப்பாட வளவு என்று சொன்னால் எங்களுக்கு அது வேறு காணி, வேறு தலைமுறை.

குரல் பதிவின் கடைசி வரியைச் சொல்ல மறந்துவிட்டோம். "சாச்சா சொல்றன், கேளுங்க மக்காள்" என்று முடிக்கிறார். நாங்கள் மரியாதையாக, சுத்த அரபியில், 'யா அம்மீ' என்று தொடங்கிப் பதில் போட்டோம்.

உடனே எழுதினார்: "ஆருடா அது அம்மி? அரைக்கிற கல்லா?"