குத்தகை மாறும், தெரு மாறாது

நகராண்மைக் கழகத்தார் தெருக் கூட்டவும் குப்பை வாரவும் டெண்டர் கோருகின்றனர். பெரும்பாலும் குறைந்த தொகை எழுதியவனுக்கே குத்தகை போகின்றது. ஜனங்களின் வரிப்பணத்தை மிச்சம் பிடித்தோம் என்று அவர்கள் மார்தட்டுகின்றனர். அம்மிச்சம் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்கின்றோம். லாரியும் எண்ணெயும் எல்லாக் கண்டிராக்டருக்கும் ஏறத்தாழ ஒரே விலைதான். மாதக் கூலியோ 1,700 ரிங்கிட்டுக்குக் குறையலாகாதென 2025-இல் சட்டமாயிற்று. பின் எதைக் குறைப்பான்? இருவர் கூட்டிய தெருவை ஒருவர் தலையில் கட்டுவான். அதனினும் கொடிதாக, அவர் உழைத்த ஆண்டுகளையே களவாடுவான்.

ஆண்டுகளைக் களவாடுவது எங்ஙனமென்று சற்று விளக்குவோம். 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, ஒரு முதலாளியிடம் இரண்டாண்டு நிறையாதவருக்கு ஆண்டு விடுமுறை 8 நாள், ஐந்தாண்டுக்குள் 12, ஐந்தாண்டு நிறைந்தால் 16. நோய் விடுமுறையும் 14, 18, 22 என்று ஏறும். ஆட்குறைப்பு நஷ்டஈடும் ஆண்டொன்றுக்கு 10 நாட் கூலியினின்று 20 வரை உயரும். இந்த ஏணியில் ஏற ஒரே முதலாளி வேண்டும். இப்போது, ஒரே தெருவைப் பத்தாண்டு கூட்டும் ஓர் அம்மையாரை எண்ணிப் பாருங்கள். இரண்டாண்டுக்கொரு முறை குத்தகை கைமாறுகின்றது என்று கொள்வோம். துடைப்பம் அதே, தெரு அதே, அதட்டும் மேஸ்திரியும் பல வேளை அதே ஆள். முதுகில் எழுதிய கம்பெனிப் பெயர் மட்டும் வேறு. ஐந்து சட்டை மாற்றிய பின்னரும் அவருக்கு விடுமுறை 8 நாளே. பதினோராம் ஆண்டிலும் அவர் புது ஆள்!

தோட்டத்தில் செக்ரோல் எழுதிப் பழகிய நமக்கு இது விசித்திரமான கணக்காய்த் தோன்றுகின்றது. அக்காலத்துக் கங்காணி ஆளுக்கு ஆள் தலைக்காசு வாங்கினான். அவன் செய்த கொடுமைகளை நாம் மறக்கவில்லை. அவனுங்கூட ஈராண்டுக்கொரு முறை தன் ஆளைப் பிறந்த குழந்தையாக்கியதில்லை.

கழகத்தில் இதைக் கேட்பார் ஏன் இல்லை? 1957-இல் டி. எஸ். இராமநாதன் ஜார்ஜ் டவுனின் முதல் மேயராய் அமர்ந்த காலத்தில், ஜனங்கள் வாக்களித்து அங்கத்தினரை அனுப்பினர். 1965-இல் அத்தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணைக் குழு, தேர்தல் வேண்டுமென்றே பரிந்துரைத்தது. அவ்வறிக்கையைப் புறந்தள்ளி, 1976-ஆம் ஆண்டின் சட்டம் நியமன முறையை நிலைநாட்டிற்று. மாநில அரசு நியமிக்கும் உறுப்பினருக்குப் பதவி மூன்றாண்டுக்கு மேற்படாது. பதவி நீட்டிப்பு மேலிடத்தில் உள்ளது, கூட்டுபவரிடம் அன்று.

பிறரை மட்டும் ஏசி நாம் தப்பிக்கொள்ள ஒண்ணாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீட்டு நிலமாக மாறியபோது, வெளியேறிய நம்மவருள் எத்தனையோ பேர் பட்டணத்தில் பிடித்தது இந்தத் துடைப்பத்தைத்தான். ஆயினும் கூட்டும் வேலையென்றால் முகஞ்சுளிக்கும் சாதிப் புத்தி நம்மை விட்டு இன்னும் போகவில்லை. நம் சங்கங்கள் தீபாவளி விருந்துக்கு நகராண்மை உறுப்பினரை அழைத்து மாலை சூட்டுகின்றன. கோயில் நிலத்துக்கு மனுக் கொடுக்கின்றன. டெண்டர் நிபந்தனையைப் பற்றி அம்மேடையில் ஒருவரேனும் வாய் திறந்ததை நாம் கேட்டதில்லை.

குத்தகையில் வீட்டு வரி மிச்சமாகின்றது என்பாரும் உளர். மிச்சமாகட்டும்! அது லாபத்தினின்று வரட்டும். அம்மையாரின் எட்டு நாள் விடுமுறையினின்று வர வேண்டா.

நாம் கேட்பது டெண்டர் பத்திரத்தில் ஒரே வரி. புதிதாய் வரும் கண்டிராக்டர், முன்னிருந்த தொழிலாளரை அவர்தம் பழைய ஆண்டுகளோடு ஏற்க வேண்டும் என்பதே அது. அவ்வரி எழுத மனமில்லையேல், கழகமே அவர்களை நேரே வேலைக்கு வைத்துக்கொள்ளட்டும். அடுத்த விருந்தில் மாலை சூட்டுமுன், அவ்வரி உண்டா இல்லையா என்று உங்கள் வட்டார உறுப்பினரைக் கேளுங்கள்.